சூரியச் சாலை கார்களுக்குத் திறக்கும் முன்: நடந்தும் சைக்கிளிலும் சென்றவர்களின் ஆலோசனை தேவை

நெடுவழி (சியாட்டில்)

அனைவருக்கும் வணக்கம். ஜூன் முதல் வாரத்தில் மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். அந்த நாட்களில் கோயிங் டு த சன் சாலையின் மேற்பகுதியில் பனி அகற்றும் பணி முடிந்திருக்காது என்றும், கார்களை ஒரு தடுப்புக் கதவுடன் நிறுத்திவிடுவார்கள் என்றும், அதற்கு மேல் நடப்பவர்களும் சைக்கிளில் வருபவர்களும் மட்டும் செல்லலாம் என்றும் அறிந்தேன். படங்களைப் பார்த்ததிலிருந்து மனம் அங்கேயே இருக்கிறது.

என்னுடன் இருவர் வருகிறார்கள். அப்பாவுக்கு 66 வயது; மதுரையிலிருந்து மூன்று மாதங்கள் தங்க வந்திருக்கிறார். தினமும் நான்கைந்து மைல் தளராமல் நடப்பார், ஆனால் சைக்கிளைத் தொட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்கு 11 வயது; கியர் சைக்கிளை நன்றாக ஓட்டுவாள் என்றாலும் மலைச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லை. எழுதியிருப்பவர்கள் பெரும்பாலும் சாலையின் உச்சியான லோகன் கணவாய் வரை ஏறியதைப் பற்றியே எழுதுகிறார்கள். நாங்கள் மூவரும் ஒன்றாகச் செல்வது சரியா, அல்லது கார்களுக்குத் திறக்கும்வரை காத்திருந்து ஜூலையில் செல்வது நல்லதா என்று தெரியவில்லை. சென்று வந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பனிக்கோடு (கலிஸ்பெல்)

வாருங்கள் சகோதரி. நான் இந்தச் சாலையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் வசிக்கிறேன். பதினொரு வசந்தங்களாகத் தவறாமல் சென்று வருகிறேன். தாராளமாகச் செல்லலாம், மூவரும் செல்லலாம் என்பதே என் பதில். ஆனால் லோகன் கணவாயை அடைவதை இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே போய் ஏமாற்றத்துடன் திரும்புபவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரே இலக்கோடு வந்தவர்கள்தாம்.

முதலில் சாலையின் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. மேற்கே வெஸ்ட் கிளேசியரையும் கிழக்கே செயின்ட் மேரியையும் இணைக்கும் இச்சாலை ஏறத்தாழ 50 மைல் நீளமுடையது. 1933 ஜூலை 15 அன்று லோகன் கணவாயில் திறப்பு விழா நடந்தது. சாலைக்கான முதல் திட்டத்தில் பதினைந்து கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. தாமஸ் விண்ட் என்ற நிலவமைப்பாளர் அதை ஏற்காமல், கார்டன் வால் எனப்படும் செங்குத்தான பாறைச் சுவரின் விலாவிலேயே சாலையைச் செதுக்கி, ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவோடு முடிக்கலாம் என்று வாதிட்டார். அந்த ஒரே வளைவுதான் லூப். சாலையின் ஏற்றம் எங்கும் ஆறு விழுக்காட்டு அளவிலேயே நிற்பதற்கு அந்த முடிவே காரணம். இன்று பதினொரு வயதுக் குழந்தை அதில் சைக்கிள் மிதிக்க முடிவதும் அதனால்தான். ஆனால் பாறைச் சுவரின் விலாவில் செல்வதால், மேலே தேங்கியிருக்கும் பனி சரிந்தால் சாலையின் மீதுதான் விழும். இந்த இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாக விளங்கும்.

ஏப்ரல் தொடக்கத்தில் பனி அகற்றும் பணி தொடங்குகிறது. கீழிருந்து மேலாக இயந்திரங்கள் முன்னேற முன்னேற, கார்களை நிறுத்தும் கதவும் மேலே நகர்கிறது: முதலில் மெக்டொனால்ட் ஏரி விடுதி, பிறகு அவலாஞ்ச் ஓடை. நீங்கள் வரும் ஜூன் முதல் வாரத்தில் வழக்கமாக அவலாஞ்ச் வரை கார் செல்லும். அங்கிருந்து கணவாய் 16 மைல். ஏறத்தாழ 3,200 அடி ஏற வேண்டும். லூப் ஏறக்குறைய பாதி வழி, ஆனால் ஏற்றத்தில் பெரும்பகுதி லூப்புக்கு மேலேதான் இருக்கிறது.

இப்போது மூடல்களைப் பற்றி. இரண்டு வகையான மூடல்கள் இருக்கின்றன. பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பணியாளர் மூடல்: இயந்திரங்கள் வேலை செய்யும் நாட்களிலும் நேரங்களிலும் மட்டும் அது நடைமுறையில் இருக்கும். வேலை இல்லாத வார இறுதிகளில் அது நீங்கிவிடும். மற்றொன்று பனிச்சரிவு அபாய மூடல்: அது இரவும் பகலும், வார நாளும் விடுமுறையும் என்று பாராமல் எப்போதும் நடைமுறையில் இருக்கும். அதற்கான பலகை நிற்கும் இடமே அன்றைய உங்கள் கடைசி எல்லை. அன்றைய நிலவரத்தைப் பூங்காவின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஜூலைக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஜூலையிலும் அழகுதான், ஆனால் அது வேறு அனுபவம். கார் வரிசையில் அமர்ந்தபடி அருவியைப் பார்ப்பீர்கள். நிறுத்த இடம் தேடியே கணவாயில் அரை மணி நேரம் போகும். இப்போது வந்தால் அருவியின் ஒலியைத்தான் முதலில் கேட்பீர்கள். பேர்ட் வுமன் அருவி பள்ளத்தாக்கின் எதிர்ச் சுவரில் விழுகிறது; கார் இல்லாத நாளில் அதன் இரைச்சல் பள்ளத்தாக்கைத் தாண்டிச் சாலைவரை வரும். வீப்பிங் வால் என்னும் பாறைச் சுவரில் உருகும் பனி முழுவதும் வழிந்து நேராகச் சாலையில் கொட்டுகிற பருவம் இது. நனையாமல் கடக்க முடியாது, நனைவதற்காகவே சிலர் உள்ளோரமாக ஓட்டுவார்கள்.

தேவதாரு (மிசூலா)

நெடுவழி அவர்களே, அப்பாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் என் மாமனாரை மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே சாலையில் நடக்க அழைத்துச் சென்றேன்.

அவலாஞ்சிலிருந்து முதல் சில மைல்கள் ஏறக்குறைய சமதளம். மெக்டொனால்ட் ஓடை பக்கத்திலேயே வரும். பனி உருகும் காலத்தில் அந்த நீரின் பச்சை நிறத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தொடக்கத்திலேயே முதிர்ந்த செந்தேவதாரு மரங்களுக்கிடையே ஒரு பலகைப் பாதை இருக்கிறது. அப்பாவுக்கு அதுவே ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகு அவர் விரும்பிய தூரம் சாலையில் நடந்து திரும்பட்டும். லூப் வரை நடப்பது என்பது போகவரப் பதினாறு மைலுக்கும் மேல். தினமும் ஐந்து மைல் நடப்பவரை அங்கே இழுத்துச் செல்லாதீர்கள். நடந்து செல்பவர்களுக்கு இந்தச் சாலை அளிப்பது தூரத்தை அன்று. இரண்டு பக்கமும் வாகனம் வருகிறதா என்று திரும்பிப் பார்க்காமல், சாலையின் நடுவில், நான்கு பேர் ஒரே வரிசையில் பேசிக்கொண்டே நடக்கலாம். என் மாமனார் அன்று திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான்.

ஒரு கவலை உண்டு. காலையில் ஏறிய சைக்கிள்கள் பிற்பகலில் இறங்கத் தொடங்கும். எட்டு மைல் தொடர்ந்து இறங்கி வருபவருக்குத் தம் வேகம் தெரிவதில்லை. என் மாமனாரை உரசிக்கொண்டு ஒருவர் சென்றார். குரல் கொடுக்கவுமில்லை, மணி அடிக்கவுமில்லை. அடிபடவில்லை, ஆனால் அன்று அவர் அதற்குமேல் நடக்கவில்லை. அப்பா பிற்பகல் ஒரு மணிக்குள் திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள். நடப்பவர்கள் ஓரமாகச் செல்ல வேண்டும் என்று சைக்கிள்காரர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. மேலிருந்து வேகமாக வருபவர்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மேட்டுவழி (போய்சி)

மேலே எழுதியவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் ஒரு கருத்தில் வேறுபடுகிறேன். பனிச்சரிவு அபாயப் பலகையை இவ்வளவு இறுக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. கடந்த ஆண்டு மே இறுதியில் நானும் என் நண்பரும் பணியாளர்கள் சென்ற பின், மாலையில், பலகையைத் தாண்டி இரண்டு மைல் சென்றோம். வானம் முழுத் தெளிவு. மூன்று நாட்களாக ஒரு துளி பனி விழவில்லை. சாலை கறுப்பாக, காய்ந்து கிடந்தது. இயந்திரங்கள் அதே இடத்தில் பகல் முழுவதும் வேலை செய்திருக்கின்றன. பணியாளர்கள் நிற்கக்கூடிய இடத்தில் நாம் அரை மணி நேரம் இருக்கக் கூடாது என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கான ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது.

பனிக்கோடு (கலிஸ்பெல்)

மேட்டுவழி அவர்களே, நீங்கள் வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. பலர் செய்துவிட்டுச் சொல்வதில்லை. ஆனால் நீங்கள் பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டியவை அனைத்தும் வசந்தகாலத்தில் அபாயத்தின் அடையாளங்கள்.

குளிர்காலத்தில் புதுப்பனி விழுந்த பிறகுதான் சரிவு அதிகம் என்பது சரி. வசந்தத்தில் காரணம் வேறு. தெளிந்த வானத்தில் நாள் முழுவதும் வெயில் அடிக்கும்போது மேற்பரப்பு உருகி, அந்த நீர் பனியடுக்குகளுக்குள் இறங்கி, அடுக்குகளுக்கிடையேயும் பாறைக்கும் பனிக்கும் இடையேயும் உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. இரவில் உறைந்தால் மறுபடி இறுகும். இரவிலும் உறையாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கார்டன் வாலின் இந்தப் பக்கம் மேற்கு நோக்கியது; பிற்பகல் வெயில் முழுவதும் அதன் மீதுதான். நீங்கள் சென்ற மாலை நேரம், பகல் முழுவதும் சூடேறிய பனி இன்னும் இறுகத் தொடங்காத நேரம். உங்கள் காலடியில் இருந்த சாலை காய்ந்திருந்தது உண்மைதான், ஆனால் சரிவது சாலையிலுள்ள பனி அன்று. இரண்டாயிரம் அடிக்கு மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத கிண்ணங்களில் தேங்கியிருக்கும் பனி.

பணியாளர்கள் அங்கே நிற்பதைப் பற்றிச் சொன்னீர்கள். அவர்கள் தனியாக நிற்பதில்லை. 2003 முதல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு வல்லுநர்கள் இந்தப் பணிக்காகவே நிலைமையைக் கணித்துச் சொல்கிறார்கள். அபாயம் கூடினால் வேலை நிறுத்தப்படுகிறது. மேலே பார்த்துக்கொண்டிருக்க ஆள் இருக்கிறது, வானொலித் தொடர்பு இருக்கிறது, தோண்டி எடுக்க இயந்திரங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. நீங்கள் சென்ற மாலையில் இவற்றில் எதுவும் இல்லை. இவையெல்லாம் இல்லாத காலத்தில், 1953 மே மாதம், இதே வேலையில் இருந்த இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். அந்த நிகழ்வைப் படித்த பிறகு அந்தப் பலகையைத் தட்டிக்கழிப்பு என்று என்னால் பார்க்க முடியவில்லை.

உங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நானும் இரண்டாவது ஆண்டில் ஒரு முறை பலகையைத் தாண்டியிருக்கிறேன். அன்று திரும்பும்போது, நாங்கள் ஏறிய வழியில் ஒரு காரளவு பனியும் கல்லும் விழுந்து கிடந்தன. ஏறும்போது அங்கே எதுவும் இல்லை.

மேட்டுவழி (போய்சி)

மேற்கு வெயிலைப் பற்றி நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. என் பதிவைப் படித்து யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீக்காமல் விடுகிறேன், பதில் புரிய வேண்டும் என்பதற்காக.

ஆற்றங்கரை (டென்வர்)

மகளுக்காகச் சில செய்திகள். என் மகனை அவன் பன்னிரண்டு வயதில் அழைத்துச் சென்றிருக்கிறேன்.

ஏற்றம் குழந்தைகளுக்குப் பெரிய சிக்கல் இல்லை. சிறிய கியரில் நிதானமாக மிதித்து, நினைத்த இடத்தில் நின்று நின்று ஏறிவிடுவார்கள். இறக்கம்தான் கடினம். மேலே வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் கை மரத்துவிடும். மரத்த கையால் பிரேக் பிடிக்க முடியாது. ஏறும்போது தேவையே படாத முழுக்கையுறையும் காற்று புகாத மேலங்கியும் பையில் கட்டாயம் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் பிரேக் கட்டைகளைக் கடைக்காரரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுப்பதானால், அந்த இடத்திலேயே ஒரு சிறு இறக்கத்தில் அவளை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சாலையின் ஓரத்தில் உள்ள மரத் தடுப்புகளில் பல, பனிச்சரிவு அடித்துச் சென்றுவிடும் என்பதால் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் கழற்றப்பட்டு, கார்களுக்குத் திறக்கும் முன்புதான் மறுபடி பொருத்தப்படுகின்றன. ஆகவே நீங்கள் செல்லும் நாளில் பள்ளத்துப் பக்கம் பல இடங்களில் ஒன்றுமே இருக்காது. உள்ளோரமாக, ஒருவர் பின் ஒருவராக இறங்குங்கள். நீங்கள் முன்னால், அவள் பின்னால்.

கரடியைப் பற்றி யாரும் எழுதவில்லை. பனி உருகிய சாலையோரத்தில்தான் முதல் புல் முளைக்கிறது. கரிய கரடியும் கிரிஸ்லி எனப்படும் பெரிய பழுப்புக் கரடியும் அதைத் தேடிச் சாலைக்கே வரும். சைக்கிள் ஓசையில்லாமல் வேகமாக வருவதால் இரு தரப்புக்கும் எச்சரிக்கை கிடைப்பதில்லை. 2016 ஜூனில், பூங்காவின் எல்லைக்கு அருகே ஒரு காட்டுப் பாதையில், சைக்கிளில் வேகமாக வந்த ஒருவர் வளைவில் கிரிஸ்லி மீது மோதி, அதன் தாக்குதலில் உயிரிழந்தார். வளைவு வரும்போதெல்லாம் உரக்கப் பேசுங்கள், கூப்பிடுங்கள்; தமிழில் கத்தினாலும் கரடிக்குப் புரியும். கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே பைக்குள் இருந்தால் பயனில்லை; கைப்பிடியிலோ இடுப்பிலோ இருக்க வேண்டும். அப்பா தனியாக நடப்பதானால் அவரிடமும் ஒன்று இருக்கட்டும், பயன்படுத்தும் முறையை முந்தைய நாளே காட்டிவிடுங்கள். குறைந்தது நூறு கஜம் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி.

சிற்றோடை (போர்ட்லண்ட்)

இந்த இழையில் இரண்டு கேள்விகள் கேட்கலாமா? எனக்கு முழங்கால் வலி உண்டு, மின்சைக்கிள் அனுமதிக்கப்படுகிறதா? அதைவிடப் பெரிய கேள்வி: இவ்வளவு அருமையான அனுபவம் என்றால், சாலையை ஏன் இன்னும் சில வாரங்கள் கார்கள் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது?

பனிக்கோடு (கலிஸ்பெல்)

மின்சைக்கிள் அனுமதி உண்டு. இறங்கும்போது அதன் எடை பிரேக்கை மிகவும் சோதிக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வியை நானும் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தேன். சாலை திறக்கும் நாளை இயற்கையே முடிவு செய்கிறது: 1987இல் மே 16 அன்றே திறந்தது, 2011இலும் 2022இலும் ஜூலை 13 வரை ஆயிற்று. கணவாய்க்குச் சற்றுக் கிழக்கே பிக் டிரிஃப்ட் என்ற இடத்தில் 80 அடி வரை பனி குவியும். அதைக் குடைந்து முடித்தால்தான் இரு பக்கமும் இணையும். அதற்கும் மேல் காத்திருக்க வைத்தால் இழப்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். நடக்க முடியாத முதியவர்களும், சக்கர நாற்காலியில் வருபவர்களும் கணவாயைப் பார்க்க இந்த ஒரு சாலையைத்தான் நம்பியிருக்கிறார்கள், அதுவும் ஆண்டில் மூன்று நான்கு மாதங்களுக்குத்தான். ஜூலையில் மேலே போக முடியும் என்று எண்ணிப் பயணம் பதிவு செய்தவர்களை ஒரு வாரம் கூடக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தேவதாரு (மிசூலா)

இதில் நான் சற்று மாறுபடுகிறேன். வசந்தத்தை நீட்டிக்க வேண்டாம், ஆனால் செப்டம்பரில் சில நாட்களாவது காலை வேளைகளை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கலாம். இன்று கோடையில் நடைமுறை எதிர்த்திசையில் இருக்கிறது: ஜூன் 15 முதல் செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரை, காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை லோகன் ஓடையிலிருந்து கணவாய்க்கு ஏறும் பாதையில் சைக்கிளுக்குத் தடை. குறுகிய சாலையில் அது நியாயமான தடை என்பதை ஏற்கிறேன். 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளையே அங்கே அனுமதிப்பதில்லை. ஆனால் சைக்கிள் மட்டுமே விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. முதியவர்களுக்காகப் பூங்காவின் பேருந்துகள் மட்டும் அந்தக் காலைகளில் ஓடினால் பனிக்கோடு ஐயாவின் கவலையும் தீரும்.

நெடுவழி (சியாட்டில்)

சென்று திரும்பிவிட்டோம். நீங்கள் அனைவரும் நேரம் எடுத்து எழுதியதற்கு நடந்ததைச் சொல்வதே நன்றி.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவலாஞ்சில் நின்றோம். அப்போதே வாகன நிறுத்துமிடத்தில் பாதி நிறைந்திருந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் அப்பா நீலகிரியின் அவலாஞ்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்கே மண் சரிந்ததால் வந்த பெயர், இங்கே பனி சரிவதால் வந்த பெயர் என்று மகளுக்கு விளக்கினார். அவர் தேவதாரு மரங்களுக்கிடையே சுற்றிவிட்டு, ஓடையோரமாகச் சாலையில் மூன்று மைல் நடந்து, அங்கே ஒரு பாறையில் அமர்ந்து இட்லி சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறார். சியாட்டிலில் இருந்து வந்திருந்த வேறொரு குடும்பத்தினர் அவருடன் நடந்தார்கள் என்பதால் தனியாக இல்லை.

நானும் மகளும் ஒன்பதரைக்கு லூப்பை அடைந்தோம். அதற்குச் சற்று முன் வரும் சுரங்கத்தில், பாறையைக் குடைந்து வைத்திருக்கும் சாளரத்தின் வழியே ஹெவன்ஸ் பீக் என்னும் சிகரம் முழு வெண்மையாகத் தெரிந்தது. அங்கே இருபது நிமிடம் நின்றுவிட்டோம். லூப்பைச் சுற்றி 2003 காட்டுத்தீயில் எரிந்த மரங்களின் கீழே மஞ்சள் நிறப் பனி அல்லிகள் பூத்திருந்தன. அதற்கு மேல் இரண்டு மைல் ஏறியபோது பனிச்சரிவு அபாயப் பலகை வந்தது. அதற்கு அப்பால் சாலை காய்ந்துதான் கிடந்தது, வளைவுக்குப் பின்னால் அருவி ஒன்றின் ஒலியும் கேட்டது. மகள் ஒரு வளைவு மட்டும் போகலாமா என்று கேட்டாள். மேட்டுவழி அவர்களுக்குக் கிடைத்த பதிலை அவளுக்கு அங்கேயே படித்துக் காட்டினேன். முன்கூட்டியே கைபேசியில் சேமித்து வைத்திருந்தேன். அவள் மேலே நிமிர்ந்து, அந்தப் பனி எங்கே இருக்கிறது என்று தேடினாள். பத்து நிமிடம் பார்த்தோம். பிறகு எங்கோ மிக உயரத்தில், இடி போன்ற ஒலி ஒன்று கேட்டது. பனி எதுவும் கண்ணில் படவில்லை. அவளே சைக்கிளைத் திருப்பினாள்.

இறங்கும்போது ஆற்றங்கரை அவர்கள் சொன்ன கையுறைதான் காப்பாற்றியது. நடப்பவர்களைப் பார்த்தபோதெல்லாம் மகள் மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, "வலப்பக்கம் வருகிறோம் தாத்தா" என்று யாராக இருந்தாலும் தமிழில் கூப்பிட்டாள். பன்னிரண்டரைக்குக் கீழே வந்தபோது அப்பா கதவருகே நின்று, ஏறுபவர்களையும் இறங்குபவர்களையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு அவருக்கு மூன்று சக்கரச் சைக்கிள் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கலிஸ்பெல் பக்கம் வாடகைக்குத் தரும் கடை தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள்.